முக்கோணமும் கோணலும்

சென்ற ஆடி மாதத்து அடைமழையில் ஒரு பிற்பகல், தாராவி 90 அடிச் சாலையிலிருந்து உள்ளே பிரியும் சந்தொன்றில், பத்துக்குப் பத்து அளவுள்ள அறையின் தரையிலே விரித்திருந்த போர்வையைச் சுற்றி நான்கு பெண்கள் பேச்சற்று உட்கார்ந்திருந்தார்கள். ஆயத்த ஆடைப் பட்டறைகளில் கழித்துப் போட்ட துண்டுகளைப் பொறுக்கி, சிவப்பும் வெள்ளையுமாக முக்கோணங்கள் வெட்டி, அவற்றை இரண்டிரண்டாக இணைத்துச் சதுரமாக்கி, அந்தச் சதுரங்களைப் பன்னிரண்டு பன்னிரண்டாக வரிசை சேர்த்து, மாதக் கணக்கில் பிரயாசைப்பட்டு அவர்கள் தைத்த போர்வை அது. தைத்து முடித்துத் தரையில் போட்டால், நடுவிலே குடைபோல உப்பிக்கொண்டும், ஓரத்திலே பொரித்த அப்பளம்போல நெளிந்துகொண்டும், எந்தக் கூர்முனையும் தன் எதிர்முனையைச் சந்திக்காமல் விலகிக்கொண்டும் கிடந்தது. வேலை கொடுத்த வியாபாரி அதைத் திருப்பி அனுப்பியதோடு, தைத்தவர்களின் கூலியிலும் ஒரு பகுதியைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"நான் தைச்சது நேராத்தான் இருக்கு அண்ணாச்சி. துணிதான் இழுத்துக்கிட்டுப் போவுது" என்றாள் என்னைப் பார்த்து, அவர்களில் இளையவள். பாட்டன் காலத்தில் திருநெல்வேலிச் சீமையிலிருந்து தோல் கிடங்கு வேலைக்கு வந்த குடும்பம். பம்பாயில் பிறந்து வளர்ந்தும் பேச்சில் தாமிரவருணி வற்றவில்லை. மற்ற மூவரும் அதைச் சாக்குப்போக்கு என்று எடுத்துக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். 1982 ஜனவரி 18-இல் தொடங்கிய வேலைநிறுத்தம் ஆலையையும் என் உத்தியோகத்தையும் ஒருசேர வாரிக்கொண்டு போகும்வரையில், பரேலில் ஒரு பஞ்சாலையின் துணிக் கிடங்கிலே பதினொரு வருஷம் கணக்கெழுதிய எனக்கோ, அவள் சொன்னது அட்சரசுத்தமான உண்மை என்று பட்டது. தையல் நேராகத்தான் இருந்தது. துணிதான் இழுத்துக்கொண்டு போயிருந்தது. அப்படி இழுத்துக்கொண்டு போவதற்கு அதற்குச் சகல சௌகரியத்தையும் செய்து கொடுத்தவர்கள் யார் என்பதைப் பற்றியே இங்கே சொல்ல விரும்புகிறேன்.

முதலில் துணியின் சுபாவம். நெய்த துணியில் நீளவாட்டில் ஓடும் பாவும் குறுக்கே ஓடும் ஊடையும் ஒன்றையொன்று செங்குத்தாகத் தாங்கி நிற்கின்றன. பாவின் வழியே இழுத்தாலும் ஊடையின் வழியே இழுத்தாலும் நூலின் பலமே எதிர்த்து நிற்பதால் துணி அதிகம் அசைந்து கொடுப்பதில்லை. ஆனால் மூலைக்கு மூலையாகப் பிடித்து இழுத்துப் பாருங்கள், குறுக்குச் சட்டம் கட்டாத பந்தல் காற்றில் சாய்வதுபோல, சின்னஞ்சிறு சதுரக் கட்டங்கள் யாவும் ஒரே சமயத்தில் சாய்ந்து, துணி உங்கள் கையோடு வந்துவிடும். இந்தச் சாய்வு வாட்டத்தைத் தமிழ்நாட்டுத் தையற்காரர்கள் கிராஸ் என்கிறார்கள். பம்பாயில் இந்தி பேசும் தையற்காரர்கள் உரேப் என்கிறார்கள். மாட்டுங்காவில் ரவிக்கை தைக்கிறவர்களுக்கு இந்தக் குணம் நன்றாகத் தெரியும். உடலோடு படிய வேண்டிய இடத்துக்கென்றே துணியைச் சாய்த்து வெட்டி, கிராஸ் கட்டிங் என்று பெயர் சொல்லிக் கூடுதல் கூலியும் வாங்கிக்கொள்கிறார்கள். 1920-களில் பாரிஸ் நகரத்தில் மாடலின் வியோனே என்னும் அம்மையார், இதே யுக்தியால் உடலைத் தழுவி வழியும் அங்கிகளைத் தைத்து உலகப் பிரசித்தி பெற்றார். ரவிக்கையில் லட்சணமாக இருக்கும் இதே குணம் போர்வையில் தோஷமாகிவிடுகிறது. சதுரத் துண்டைக் கோணத்துக்குக் கோணம் வெட்டி இரண்டு முக்கோணமாக்கும்போது, ஒவ்வொரு முக்கோணத்தின் மிக நீண்ட பக்கமும் சரியாக 45 பாகைச் சாய்வில், அதாவது துணி அதிகமாக இழுபடும் வாட்டத்தில் விழுகிறது. கத்தரி அதை விட்ட நிமிஷத்திலிருந்து, எடுப்பதும் வைப்பதும் மடிப்பதும் இஸ்திரி போடுவதும் மெஷினின் பல் பிடித்து இழுப்பதும் எல்லாமே அதை நீட்டிக்கொண்டிருக்கின்றன.

நம் நாட்டில் பழந்துணியைச் சேர்த்துப் போர்வை தைத்த பெண்களுக்கு இந்தச் சங்கடம் இல்லாமல் போனது எப்படி என்று யோசித்தால், ரசமான விஷயங்கள் அகப்படுகின்றன. ஆடைப் பட்டறைகளின் வெட்டுக் கழிவுக்குத் தாராவியில் வழங்கும் பெயர் சிந்தி. கந்தல் என்பதற்கான மராட்டிச் சொல். தாராவியிலிருந்து கிழக்கே சில மைல் தள்ளியுள்ள செம்பூர் முகாமிலோ, 1947-இன் பிரிவினையில் வீடு வாசல் இழந்து வந்து குடியேறிய மக்களும் சிந்திகள்தாம். தமிழ் எழுத்து இரண்டுக்கும் வித்தியாசம் காட்டுவதில்லை. இந்தச் சிலேடைக்கு ஒரு பொருத்தமும் உண்டு. சிந்து தேசத்துப் பெண்கள் தைக்கும் ரல்லி என்னும் போர்வை, முக்கோணங்களை அடுக்கி அலங்கரிப்பதில் உலகத்தின் எந்தப் போர்வைக்கும் சளைத்ததன்று. அவர்கள் துணியைப் பெரும்பாலும் கத்தரியால் வெட்டாமல் கையால் கிழிப்பார்கள். கிழிசல் நூலின் வழியே அன்றி வேறு வழியே போகாது, ஆகையால் சதுரம் சதுரமாகவே இருக்கும்.

வட கன்னட மாவட்டத்துக் காடுகளை ஒட்டி வாழும் சித்தி இனத்துப் பெண்கள், கவந்தி என்னும் தங்கள் போர்வையை ஓரத்திலிருந்து தொடங்கி நடுவை நோக்கித் தைத்துக்கொண்டு போய், கடைசியில் நான்கு மூலைகளிலும் மடித்த துணித் துண்டுகளைப் பூ என்று பெயர் சொல்லிப் பதிக்கிறார்கள். அது இல்லாத போர்வை அவர்கள் கண்ணுக்கு அம்மணமாகத் தெரியுமாம். மகாராஷ்டிரத்தின் கோதடியிலும், பழைய புடவைகளை அடுக்கி மேலே துண்டுகளை வைத்து எல்லாவற்றையும் ஊடுருவி நெருக்கமாக நூலோட்டம் போட்டுவிடுவார்கள். பம்பாயைச் சேர்ந்த கீதா கண்டேல்வால் அந்தக் கோதடிகளைப் பற்றித் தனி நூலே எழுதியிருக்கிறார். நம் தஞ்சைச் சீமைத் தேர்களில் தொங்கும் தொம்பையை அண்ணாந்து பார்க்காத தமிழர் உண்டா? அதிலுள்ள முக்கோணங்களும் அடித்துணியின்மேல் பதித்துத் தைக்கப்பட்டவையே.

கவந்தி, கோதடி, தொம்பை ஆகிய மூன்றுக்கும் பொதுவான ரகசியம் அந்த அடித்துணிதான். முக்கோணம் எவ்வளவு சாய்வாக வெட்டப்பட்டிருந்தாலும், கீழே முழுத் துணி பாவும் ஊடையுமாகப் பிடித்துக்கொண்டிருப்பதால் அது நீளுவதற்கு இடமில்லை. ஒன்று சற்றுப் பெரிதாகப் போனால் அடுத்ததைச் சற்றுச் சிறிதாக வைத்து ஈடுசெய்யலாம். ஆனால் அந்த நால்வரும் தைத்த அயல்நாட்டு முறையில், ஒவ்வொரு சதுரமும் தனியாகத் தைக்கப்பட்டு, எந்தச் சதுரமும் எந்தச் சதுரத்தின் பக்கத்திலும் பொருந்தியாக வேண்டும். அடியில் தாங்குவதற்கு எதுவும் இல்லை. ஒரு சதுரம் ஒரு நூல் பெரிதாகிவிட்டால் (தச்சரும் கொத்தரும் அங்குலத்தில் எட்டில் ஒன்றை நூல் என்பது வாசகர் அறிந்ததே) பன்னிரண்டு சதுரம் கொண்ட வரிசையிலே அது ஒன்றரை அங்குலமாகப் பெருகி, பக்கத்து வரிசையோடு சேரும்போது உப்பலாகவும் நெளிவாகவும் வெளிப்படுகிறது. கோதடி மன்னித்த பிழையை இந்தப் போர்வை வட்டியோடு வசூலிக்கிறது. இந்த முறைக்கு இன்று நம் நகரங்களில் ஆர்வம் பெருகியிருப்பதற்கு, 2019 ஜனவரியில் சென்னையிலே இதற்கென்று ஒரு தேசிய விழா நடந்ததே சாட்சி. அந்த ஆர்வத்தின் ஒரு கிளைதான் தாராவிச் சந்துகளுக்குக் கூலி வேலையாக வந்து சேர்கிறது.

கோணலைத் தடுக்கும் உபாயம் கடினமானதன்று. வெட்டிவிட்டுத் தைப்பதற்குப் பதிலாகத் தைத்துவிட்டு வெட்டுவதே அது. சிவப்புச் சதுரம் ஒன்றையும் வெள்ளைச் சதுரம் ஒன்றையும் நல்ல பக்கங்கள் உள்ளே பார்க்க ஒன்றின்மேல் ஒன்றாக வைத்து, மூலைக்கு மூலை சாக்குக் கோடு ஒன்று போட்டு, அந்தக் கோட்டுக்கு இரு புறத்திலும் கால் அங்குலம் தள்ளித் தையல் ஓட்டி, அதன்பின் கோட்டின்மேல் வெட்டினால், இருநிறச் சதுரங்கள் இரண்டு கைக்கு வந்துவிடும். சாய்ந்த ஓரம் வெளிச்சத்தைப் பார்ப்பதற்கு முன்பே தையல் அதைக் கட்டிப் போட்டுவிடுகிறது. அன்று அந்த அறையில் இதை நான் செய்து காட்டியபோது, "இம்புட்டுத்தானா?" என்று கேட்டவளின் குரலில் வியப்பைவிட வருத்தமே மிகுந்திருந்தது.

அளவு விஷயத்தில் நம் முன்னோரின் பின்ன வாய்பாடு கைகொடுக்கிறது. தைத்து முடிந்தபின் 3 அங்குலம் தெரிய வேண்டிய சதுரத்துக்கு, வெட்டும் சதுரம் 3 அங்குலத்தோடு முக்காலே அரைக்கால் சேர்ந்திருக்க வேண்டும். சுற்றிலும் கால் அங்குலத் தையலுக்கு அரை அங்குலம் போதாதா என்று கேட்கலாம். செங்கோண மூலையில் கால் அங்குலம் போதும். கூர்மூலையிலோ தையல் சாய்வாக ஓடி வெளியேறுவதால், அங்கே அரை அங்குலத்துக்கும் மேலே இடம் பிடித்துக்கொள்கிறது. க்ஷேத்திர கணிதப்படி மொத்தம் 0.854 அங்குலம் வருகிறது. கையால் அளக்கக் கூடியதாக அதை 0.875 ஆக்கி, முக்காலே அரைக்கால் என்று வைத்திருக்கிறார்கள். அந்தரங்கமான என் யோசனையைக் கேட்டால், இந்த நுட்பத்தையும் நம்ப வேண்டாம், முழுசாக 4 அங்குலமே வெட்டுங்கள் என்பேன். தைத்துப் பிரித்தால் 3 அங்குலமும் ஐந்து நூலுமாக ஒரு சதுரம் கிடைக்கும். அதை மூன்றரை அங்குலத்துக்குச் சீவிவிட்டால், கையின் நடுக்கமும் மெஷினின் குறும்பும் அந்த ஒரு நூல் சீவலோடு குப்பைக்குப் போய்விடும். சீவும்போது சட்டத்தை ஓரத்தோடு பொருத்தாமல், நடுவில் ஓடும் தையலோடு பொருத்த வேண்டும் என்பது ஒன்றே இதில் சிரத்தை கோரும் இடம். இதற்கென்று அயல்நாட்டுச் சட்டம் வாங்க வேண்டியதில்லை. மூன்றரை அங்குல அக்ரிலிக் வில்லை ஒன்றைச் சதுரமாக அறுக்கச் செய்து, மூலைக்கு மூலை ஊசியால் ஒரு கீறல் இட்டு, வழுக்காமலிருக்க அடியில் உப்புத்தாளை ஒட்டிவிட்டால் போதும். தாராவியில் அப்படி அறுத்துத் தருகிற கடைக்கா பஞ்சம்?

துணியையும் பக்குவப்படுத்த வேண்டும். சிந்தியில் பருத்தி, பாலியெஸ்டர், ரேயான், பனியன் துணி எல்லாம் விரவிக் கிடக்கும். இவற்றில் பனியன் துணி நெய்ததே அன்று, பின்னியது, அதை இந்தக் காரியத்தில் சேர்க்கவே கூடாது. ஒரே ஜாதியாகப் பொறுக்கிய பருத்தியை நனைத்து உலர்த்திச் சுருங்கவிட்டு, அதன்பின் வெட்டுவதற்கு முன்பே கஞ்சி போட வேண்டும். ஜவ்வரிசிக் கஞ்சி விறைப்பாக நிற்கும். ஆனால் பம்பாயில் ஜூலை மாதத்தில் கஞ்சித் துணி உலர்வது கடவுள் செயல், ஒரு வாடையும் பிடித்துக்கொள்ளும், ஆகையால் மழைக்காலத்துக்கு வேண்டியதைச் சித்திரை வெயிலிலேயே தயார் செய்து வைப்பது விவேகம். இஸ்திரிப் பெட்டியைச் சட்டைக்குத் தேய்ப்பதுபோல் தேய்த்தால் செய்த காரியமெல்லாம் பாழ். வைத்து, அழுத்தி, தூக்க வேண்டும். முதலில் மூடிய நிலையிலேயே தையலின்மேல் ஒரு தரம், பிறகு பிரித்து, விளிம்புகள் இரண்டையும் கறுத்த நிறத்தின் பக்கமாகச் சாய்த்து ஒரு தரம். எல்லாச் சதுரத்திலும் இப்படி ஒரே நிறத்தின் பக்கம் சாய்த்தால், வரிசை சேர்க்கும்போது பக்கத்துச் சதுரத்தின் மேடும் இந்தச் சதுரத்தின் பள்ளமும் தாமாகவே ஒன்றுக்குள் ஒன்று உட்கார்ந்துகொள்ளும். விரல் நுனியால் தடவியே சந்திப்பைக் கண்டுபிடித்துவிடலாம். கூர்முனையை மெஷின் விழுங்குகிறது என்று பலர் சொல்கிறார்கள். வேண்டாத துண்டு ஒன்றில் தையலைத் தொடங்கி, நூலை அறுக்காமல் அதன் வாலைப் பிடித்துக்கொண்டே முக்கோணத்தை உள்ளே செலுத்தினால், அது விழுங்குவதற்கு அந்தத் துண்டு மட்டுமே கிடைக்கும்.

முன்பே கோணிப்போனதற்குப் பரிகாரம் உண்டா? பெரும்பாலும் உண்டு, பொறுமைதான் வேண்டும். சதுரத்தைத் திருப்பிப் போட்டு முதலில் தையல் விளிம்பை அளந்து பார்க்க வேண்டும். அது கால் அங்குலத்துக்கு மேலாகவோ கீழாகவோ போயிருந்தால் தையலைப் பிரித்து மறுபடி ஓட்டுவதே நேர்வழி. கால் அங்குலம் சரியாக இருந்தும் ஓரம் நெளிந்திருந்தால், துணி நீண்டிருக்கிறது என்று அர்த்தம். கெட்டியான பழம் போர்வையின்மேல் சரியான அளவில் சாக்குச் சதுரம் ஒன்று வரைந்து, தண்ணீர் தெளித்து ஈரமாக்கிய துண்டை அதற்குள் அடங்கும்படி குண்டூசிகளால் நிறுத்தி, மேலே சூடான இஸ்திரியை வைத்து வைத்து எடுத்து, முழுவதும் உலர்ந்தபின் ஊசியைப் பிடுங்கினால், பருத்தி ஒருவாறு தன் பழைய நிலைக்குத் திரும்பும். பாலியெஸ்டர் இந்தத் தயவைக் காட்டாது. இரண்டு ஓரங்களைச் சேர்க்கையில் ஒன்று மயிரிழை நீளமாயிருந்தால் அதைக் கீழ்ப்பக்கமாக வைத்துத் தைப்பது பழைய தையற்காரர்களின் யுக்தி. அடியிலுள்ள பல் அந்த மிகுதியைத் தானே உள்ளிழுத்துக்கொள்ளும். சில சதுரங்கள் சிறுத்தே போய்விட்டன என்றால், அவற்றைத் தூக்கி எறிவதைவிட மற்ற எல்லாவற்றையும் அவற்றின் அளவுக்குக் குறைத்துவிடுவது மேல். போர்வை நாலு விரற்கடை சின்னதாகும், அவ்வளவுதான். அதற்கும் மனமில்லாதவர்கள் ஒவ்வொரு சதுரத்துக்கும் சுற்றிலும் ஒரு பட்டை வைத்துத் தைத்து, அந்தப் பட்டையில் சீவிச் சமன்செய்யலாம். முனை மழுங்கிய முக்கோணத்தைப் பற்றி மட்டும் என் அபிப்பிராயம் வேறு. தோளளவு தூரத்திலிருந்து கண்ணுக்குத் தெரியாத பிழையைப் பிரித்துத் தைப்பது வைராக்கியத்தில் சேருமே அன்றி வேலையில் சேராது.

இவ்வளவு சுலபமான வித்தை அந்த நால்வருக்கும் ஏன் எட்டவில்லை? அவர்களில் மூவர் தையல் வகுப்பில் சான்றிதழ் வாங்கியவர்கள். வகுப்பிலே மெஷின் மிதிக்கக் கற்றுக்கொடுத்தார்கள், பாபின் மாற்றக் கற்றுக்கொடுத்தார்கள், ரவிக்கையும் உள்பாவாடையும் தைக்கக் கற்றுக்கொடுத்தார்கள். பாவு எது ஊடை எது என்று துணியை இழுத்துப் பார்க்க ஒருவரும் சொல்லவில்லை. அரசாங்கத்தின் தயாள குணமும் மெஷினோடு நின்றுவிடுகிறது. தமிழ்நாட்டில் இலவசத் தையல் மெஷின் வழங்கும் திட்டம் நெடுநாளாக இருக்கிறது. 2023 செப்டம்பர் 17-இல் தொடங்கிய பிரதமரின் விஸ்வகர்மா திட்டத்திலே, 18 தொழில்களில் ஒன்றாகத் தையலையும் சேர்த்து, சில நாள் பயிற்சியும் கருவி வாங்க 15,000 ரூபாய் வரையிலும் கொடுக்கிறார்கள். நல்ல காரியம்தான், குறை சொல்ல நான் வரவில்லை. ஆனால் அந்த உதவியைப் பெற்றவர் முதலில் மெஷினைத்தான் நினைப்பார். அக்ரிலிக் வில்லையையும் கூரான கத்தரியையும் அவர் பட்டியலில் எழுதும்படி, பயிற்சி நாட்களில் ஒரு நாளையாவது துணியின் வாட்டத்துக்கு ஒதுக்கக் கூடாதா?

கூலி முறையும் இதற்கு உடந்தை. பட்டறைக் கணக்கில் தையல் ஒன்றுக்குத்தான் உருப்படி விலை உண்டு. நனைப்பது, கஞ்சி போடுவது, சீவுவது, வைத்து அழுத்துவது ஆகிய யாவும் தையலுக்குள் அடக்கம் என்று பாவித்து, அவற்றுக்குப் பைசா கிடையாது. ஆகவே பைசா இல்லாத வேலையைச் சுருக்கிக்கொள்வது மனித இயற்கை. சுருக்கியதன் பலன் கோணலாக வந்து நிற்கும்போது, பரிசோதனை மேசையில் உட்கார்ந்திருப்பவர் அதைத் தைத்தவளின் பெயரில் பற்று எழுதுகிறார். சீவிய சதுரம் இத்தனைக்கு இவ்வளவு என்று தனி விலை வைத்தால், வியாபாரிக்கு ஏறும் செலவு, திரும்பிவரும் போர்வைகளின் நஷ்டத்தைவிடக் குறைவாகவே இருக்கும் என்று, கிடங்குக் கணக்கெழுதிய கையால் எழுதிக் கொடுக்கத் தயாராயிருக்கிறேன்.

இவை எல்லாவற்றையும்விடப் பெரிய குறை, மேசை இல்லாதது. தாராவி அறையில் ஜன்னலோரத்து மூலையிலே மெஷினுக்கு இடம் கண்டுபிடித்துவிடலாம். ஆறடி நீள மேசைக்கு இடம் எங்கே? துணியைப் பாதி மடியிலும் பாதி தரையிலுமாகத் தொங்கவிட்டு வெட்டுகிறார்கள். தொங்கும் பாகத்தின் கனமே சாய்ந்த ஓரத்தை இழுத்துவிடுகிறது. சோறாக்க, பிள்ளை படுக்க, மாமியார் உட்கார என்று ஒரே தரை ஒரு நாளில் ஐந்து முறை காலி செய்யப்பட வேண்டியிருக்கிறது. தாராவியின் வரைபடத்தையே திரும்ப எழுதப் போவதாகச் சொல்லும் மறுசீரமைப்புக்காரர்கள், வீட்டுக்கு இத்தனை சதுர அடி என்று பேசும்போது, மாடிக்கொரு பொது வெட்டு மேசை என்றும் ஒரு வரி சேர்த்துக்கொள்ள வேண்டும். அதுவரையில் காத்திருக்கவும் வேண்டியதில்லை. மாட்டுங்காவிலும் செம்பூரிலும் தமிழர் நடத்தும் சபைகளுக்கும் சமாஜங்களுக்கும் கல்யாண மண்டபங்கள் இருக்கின்றன. முகூர்த்த நாள் அல்லாத பகலில், பந்தி மேசைகள் கால் மடக்கிச் சுவரில் சாத்தப்பட்டு உறங்குகின்றன. பதினைந்து பேர் வரிசையாய் உட்கார்ந்து சாப்பிடும் அந்தப் பலகையைவிட நல்ல வெட்டு மேசையைத் தாராவி கனவிலும் கண்டிராது.

ஆவணி பிறந்ததும் தெரிந்தவர் ஒருவரைக் கெஞ்சி, மாட்டுங்காவில் ஒரு மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடத்தைப் பிற்பகல் மூன்று மணி நேரத்துக்கு வாங்கினேன். திரும்பி வந்த போர்வையை மூட்டை கட்டிக்கொண்டு நால்வரும் வந்தார்கள். மேசைமேல் பந்திக் காகிதச் சுருளை ஓட்டி அதன்மேல் போர்வையை விரித்து, வரிசை வரிசையாகப் பிரித்து, 144 சதுரங்களையும் அடுக்கி, ஒருத்தி தண்ணீர் தெளிக்க ஒருத்தி ஊசி குத்த ஒருத்தி இஸ்திரி வைக்க, அந்த இளையவள் அக்ரிலிக் வில்லையைத் தையலின்மேல் பொருத்திப் பொருத்திச் சீவிக்கொண்டிருந்தாள். சீவிய நூலிழைகள் காகிதத்தின்மேல் சேமியாபோலக் குவிந்தன. ஐந்து மணிக்குச் சமையற்காரர் வந்து, ராத்திரி நிச்சயதார்த்தத்துக்கு ஐம்பது இலை போட வேண்டும், மேசையை எப்போது விடுவீர்கள் என்றார்.

"இன்னும் பதினோரு சதுரம் கெடக்கு அண்ணாச்சி, பந்தியை அந்தக் கோடியிலேருந்து ஆரம்பிக்கச் சொல்லுங்க" என்றாள் அவள், தலையை நிமிர்த்தாமலே.